மீட்புக் குழுவுக்கு மல்டிபேண்ட் வாக்கி டாக்கி: வாங்கும் முன் எதை, எப்படி ஒப்பிடுவது?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, வேலூர் விருதம்பட்டுப் பக்கம் ஒரே தெருவில் இரண்டு தன்னார்வக் குழுக்கள் வேலை செய்தோம். எங்களிடம் நான்கு வாக்கி டாக்கி, அவர்களிடம் ஐந்து. எங்களுடையது யுஎச்எஃப், அவர்களுடையது விஎச்எஃப். இரண்டும் வேறு வேறு அலைவரிசைப் பகுதி, அதாவது வேறு 'பேண்ட்'; ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. தெருமுனையில் நாங்கள், மறுமுனையில் மொட்டைமாடி மேல் அவர்கள். நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். செல்போனில் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பையன்தான் சீட்டை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி ஓடி வந்தான். ஒரு சீட்டில் பால்பாயின்ட் மை கலங்கிப்போய், வீட்டு எண் 17ஆ 71ஆ என்று தெரியவில்லை. இரண்டு வீட்டையும் தட்டினோம். பக்கவாதத்தில் படுத்திருந்த பெரியவர் இருந்தது 71இல்.

அன்றிலிருந்து "எல்லா பேண்டும் ஒரே செட்டில் வருமாமே, அதை வாங்கிவிடலாமா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். காட்பாடிப் பக்கம் இருபது வருஷமாக ரேடியோ செட் பழுது பார்க்கிறேன், அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமமும் உண்டு. ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் அறக்கட்டளை, தொழிற்சாலையின் பாதுகாப்புக் குழு, ஊர் இளைஞர்களின் மீட்புக் குழு என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அரசுத் துறையில் கொள்முதல் குறிப்பு எழுதும் பொறுப்பு புதிதாக வந்தவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

விலைப்பட்டியலைத் தொடும் முன் ஒரு பேப்பர் எடுங்கள்

யாரோடு பேச வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். நம் குழு ஆட்கள். பக்கத்து ஊர்க் குழு. தொழிற்சாலையின் கேட். மருத்துவமனை அவசரப் பிரிவு. அரக்கோணத்தில் இருக்கும் தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் வந்து இறங்கினால் அவர்கள். போலீஸ், தீயணைப்புத் துறை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் வேண்டும்: எந்த பேண்ட், எந்த முறையில் பேசுகிறார்கள், அவர்களோடு பேச நமக்கு அனுமதி உண்டா.

மூன்றாவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். செட்டில் ஒரு அலைவரிசை வருகிறது என்பதற்காக அதில் பேசிவிட முடியாது. போலீஸ் வயர்லெஸ்ஸில் ('மைக்'கில்) நாம் குறுக்கே பேசினால் அது குற்றம். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் அங்கே ஓடிக்கொண்டிருக்கும் உயிர் காக்கும் தகவல் நம்மால் அடிபட்டுப் போகும். அரசுத் துறையோடு பேச வேண்டுமென்றால் மழைக்கு முந்தைய மாதங்களிலேயே மாவட்ட நிர்வாகத்தைப் பார்த்து, எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'உங்கள் ஆள் ஒருவர் எங்கள் கன்ட்ரோல் ரூமில் வந்து உட்காரட்டும்' என்பதுதான். அதுவும் நல்ல ஏற்பாடே. அப்படி அமைந்தால் பட்டியலில் ஒரு பேண்ட் குறையும், செலவும் குறையும்.

இந்தப் பேப்பரில் கடைசியில் ஒரே பேண்ட் மிஞ்சினால், உங்களுக்கு மல்டிபேண்ட் தேவையில்லை. பலருக்கு அப்படித்தான் மிஞ்சுகிறது.

வேலூர் நிலத்தில் எந்த பேண்ட் எப்படிப் போகும்

கையில் பிடிக்கும் செட்டுகளில் விஎச்எஃப் என்றால் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ். யுஎச்எஃப் என்றால் ஏறக்குறைய 380 முதல் 520 வரை. இதையே 380–470, 450–520 என்று இரண்டு துண்டாகப் பிரித்து விற்பார்கள். அதற்கு மேல் 700/800.

ஜவ்வாது மலைப் பக்கம், ஒடுகத்தூரில் இருந்து பீஞ்சமந்தைக்கு ஏறும் வழி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில் விஎச்எஃப் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கும். அலை நீளம் 2 மீட்டர். முகட்டில் பட்டுச் சற்று வளைந்து இறங்கும், மரக்கூட்டத்துக்குள் அதிகம் கரையாது. ஊருக்குள், பெரிய மருத்துவமனைக் கட்டடங்களுக்குள், கான்கிரீட் படிக்கட்டுகளில் யுஎச்எஃப் பரவாயில்லை. 450 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் 67 சென்டிமீட்டர்தான் என்பதால் ஜன்னல், கதவு, வராந்தா வழியாக நுழைந்து எதிரொலித்துப் போய்ச் சேரும்.

இரண்டுக்கும் மேலே ஒன்று உண்டு: உயரம். தரையில் நிற்கிற இரண்டு பேர் கையில் 5 வாட் செட்டோடு ஊருக்குள் பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுத்தமாகக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். அட்டைப்பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் எதுவுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. அதே செட்டோடு 100 மீட்டர் உயரக் குன்றில் ஒருவர் நின்றால், ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராகப் போய் எட்டும் எல்லை, 40 கிலோமீட்டர் வரை போகும். கோட்டைக்குக் கிழக்கே வரிசையாக நிற்கும் குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். வாட்டை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது. கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் காசை ஒரு நல்ல ரிப்பீட்டருக்கோ (உயரத்தில் இருந்து பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) உயரமான ஆன்டெனாவுக்கோ கொடுங்கள்.

700/800 பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் போலீஸும் தீயணைப்பும் நிறைய அங்கேதான் பேசுகின்றன. இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸை 2022இல் செல்போன் நிறுவனத்துக்கு ஏலம் விட்டாயிற்று. அந்த பேண்டுக்காக அதிகக் காசு கொடுத்து வாங்கும் செட் நம் ஊரில் அந்தப் பகுதியில் ஊமைதான்.

பேண்ட் ஒன்றானால் மட்டும் போதாது

ஒரே தெருவில் இருந்தும் நாங்கள் பேச முடியாமல் போனதற்குக் காரணம் பேண்ட். ஆனால் பேண்ட் ஒன்றாக இருந்தும் பேச முடியாமல் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பழைய அனலாக் எஃப்எம் ஒரு மொழி. டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறை இன்னொரு மொழி, 12.5 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் நேரத்தை இரண்டாக வெட்டி இரண்டு பேச்சை ஓட்டும். டெட்ரா என்ற டிஜிட்டல் முறை 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு பேச்சு ஓட்டும். பி25 என்பது அமெரிக்க அவசரச் சேவைகளுக்காக வந்த முறை. என்எக்ஸ்டிஎன் என்று இன்னொன்று. ஒன்றுக்கு இன்னொன்று புரியாது. டிஎம்ஆர் பேச்சை எஃப்எம் செட்டில் கேட்டால் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு கடகடப்புதான் வரும். அதற்கு மேல் சாவி போட்டுப் பூட்டிய (என்கிரிப்ஷன் செய்த) பேச்சு. எதிர்த்தரப்பு தன் சாவியைக் கொடுக்காமல், எத்தனை லட்சத்துக்கு வாங்கிய செட்டும் அதைத் திறக்காது.

அனலாக்கிலேயே இரண்டு கண்ணி உண்டு. ஒரு செட்டின் சேனல் அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸாகவும் மற்றதன் அகலம் 25ஆகவும் இருந்தால் ஒரு பக்கம் குரல் சன்னமாக வரும், மறு பக்கம் உடைந்து வரும். அப்புறம் டோன். 88.5 ஹெர்ட்ஸ் போல காதுக்குத் தெரியாத ஒரு முனகலைக் கூடவே அனுப்பினால்தான் எதிர் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். டோன் மாறினால் பச்சை விளக்கு எரியும், குரல் வராது. 'செட் ரிப்பேர்' என்று என் மேஜைக்கு வருகிறவற்றில் கணிசமானவை இந்த டோன் கோளாறுதான். சரி செய்ய ஐந்து நிமிஷம்.

ஆகவே விலைப்பட்டியலில் 'மல்டி' என்று பார்த்தால், எதில் மல்டி என்று கேளுங்கள். கென்வுட்டின் என்எக்ஸ்-5000 வரிசை நல்ல எடுத்துக்காட்டு. அது என்எக்ஸ்டிஎன், டிஎம்ஆர், பி25, அனலாக் என்று பல முறைகளில் பேசும். ஆனால் 5200 விஎச்எஃப், 5300 யுஎச்எஃப், 5400 700/800 என்று ஒவ்வொன்றும் ஒரே பேண்ட். பல மொழி தெரியும், ஒரு தெருவில்தான் நடக்கும்.

உண்மையான மல்டிபேண்ட் எவை

விஎச்எஃப், யுஎச்எஃப், 700/800 எல்லாம் ஒரே கைச்செட்டில் என்றால் மோட்டோரோலா ஏபிஎக்ஸ் 8000, எல்3ஹாரிஸ் எக்ஸ்எல்-200பி, கென்வுட்டின் விபி8000, பிகே டெக்னாலஜிஸின் பிகேஆர் 9000 ஆகிய நான்கு பெயர் அடிக்கடி அடிபடும். நான்கும் பி25 உலகத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் ஒரே காட்டுத்தீக்கு வனத்துறை விஎச்எஃப்பிலும், நகரத் தீயணைப்பு 800இலும் பேசிக்கொண்டு வந்து நிற்கும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸ் ஹெலிகாப்டர்கள் கொடுத்த எச்சரிக்கை, கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோவுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வலி அந்த நாட்டில் இந்த மாதிரி செட்டுகளுக்கான தேவையைக் கூட்டியது.

இவற்றின் விலை ஒரு செட்டுக்குச் சில ஆயிரம் டாலர். அதில் ஒரு பங்கு, பேண்ட் பேண்டாக, வசதி வசதியாகக் காசு கொடுத்துத் திறக்கும் மென்பொருள் உரிமங்கள். விலை கேட்கும்போது, 'நான் சொல்கிற பேண்டும் முறையும் திறந்த நிலையில், பேட்டரி, சார்ஜர், தோள் மைக்கோடு மொத்தம் எவ்வளவு?' என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய பிறகுதான் யுஎச்எஃப் பூட்டியிருக்கிறது என்று தெரியும்.

எதிர்முனையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு பேண்ட் செட்டுகள். பழகுவதற்கு, அமெச்சூர்களுக்கு நல்லவை. மீட்பு வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய செல்போன் டவர், வேறு ரிப்பீட்டர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனால் இவற்றின் ரிசீவர் திணறிப்போய்க் காது அடைத்துக்கொள்ளும். இரண்டு சேனலையும் கேட்கிறது என்பார்கள். உண்மையில் இங்கே ஒரு கணம், அங்கே ஒரு கணம் என்று மாறி மாறி எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் முதல் வார்த்தை விழுங்கப்படும். 'ஏறாதே' என்பதில் முதல் பாதி போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

மல்டிபேண்ட் எதுவானாலும் ஆன்டெனா ஒரு சமரசம். 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 50 சென்டிமீட்டர் வேண்டும். அதைச் சுருட்டி ஒரு சாண் ரப்பருக்குள் அடைக்கிறார்கள். அதே ரப்பரில் 450, 800 என்று எல்லாம் ஓட வேண்டும் என்றால் ஏதோ ஒன்று இளைக்கும். வழக்கமாக இளைப்பது விஎச்எஃப். ஒரே பேண்டில் நாள் முழுக்க வேலை என்றால் அந்த பேண்டுக்கான தனி ஆன்டெனாவையும் பையில் வைத்திருங்கள். மாற்ற பத்து விநாடி.

உரிமம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு அலைவரிசை ஒதுக்கி உரிமம் தருகிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணைய வாசல் வழியாக. செட்டுக்கும் தனியாக இடிஏ என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் இல்லாத வாக்கி டாக்கிகளை ஆன்லைனில் விற்பதைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, மிகக் குறைந்த சக்தியில் பேசும் செட்டுகளுக்கு மட்டும் உரிமம் வேண்டாம். ஒரு மண்டபத்துக்குள், ஒரு முகாமுக்குள் ஆள் ஒழுங்கு செய்ய அது போதும்.

அமெச்சூர் உரிமம் எடுத்தவர்கள் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் போன்ற அமெச்சூர்கள்தான் அந்தமானின் குரலை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் அது தேர்வு எழுதி வாங்கும் தனிநபர் உரிமம். தொழிற்சாலையின் அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

கையில் வாங்கிச் சோதியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். விற்பனையாளரிடம் இரண்டு செட் ஒரு வாரத்துக்குக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தருவார்.

ஒரே நபர், ஒரே வழி, ஒரே வாக்கியங்கள், செட்டை மட்டும் மாற்றுங்கள். நான் நடக்கும் வழி இது: காட்பாடி ஜங்ஷன் நடைமேடை, பாலாற்றுப் பாலத்தின் நடுவே, கோட்டைக்கு எதிர்ப்புறக் கடைத்தெருச் சந்துகள், ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தள வண்டி நிறுத்துமிடம், கடைசியில் மலைவழியில் மூன்றாவது வளைவு. ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு தரம், நடந்துகொண்டே ஒரு தரம். கேட்பவர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும்: ஒரே தடவையில் புரிந்தது, திரும்பச் சொல்ல வைத்தேன், புரியவில்லை. இந்த மூன்று போதும்.

வாக்கியங்களை நம் ஊர்ப் பெயர்களை வைத்தே எழுதுங்கள். டிஜிட்டல் செட் குரலைச் சுருக்கி அனுப்பும். அப்படிச் சுருக்கும்போது மெய்யெழுத்துகள் மழுங்கும். மேல்பாடி, மேல்பட்டி இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒன்று பொன்னை ஆற்றங்கரை, மற்றது ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே ரயில் பாதையில். ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் போய்விடும். அணைக்கட்டு என்பதும் அப்படித்தான். ஊரா, தண்ணீரைத் தடுத்துக் கட்டியதா? இது எந்தச் செட்டாலும் தீராது, 'அணைக்கட்டு ஊர்', 'வாலாஜா அணைக்கட்டு' என்று சொல்லும் பழக்கத்தால்தான் தீரும். சோதனையில் எழுதிவைத்தால் பழக்கமும் வந்துவிடும்.

அடுத்தது சத்தம். ஜெனரேட்டர் பக்கத்தில், மரம் அறுக்கும் மெஷின் பக்கத்தில், சைரன் ஓடும் வண்டிக்குள் நின்று பேசுங்கள். மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு வீரரின் காற்று தீரும்போது ஒலிக்கும் மணிச் சத்தம், ஆரம்பகால டிஜிட்டல் செட்டுகளில் குரலையே தின்றுவிட்டது. இரண்டு மைக் வைத்து இரைச்சலைக் கழிக்கும் இப்போதைய செட்டுகள் எவ்வளவோ மேல். ஆனாலும் விளம்பரத்தை நம்பாமல் காதால் கேட்டுப் பாருங்கள். மைக்கை வாயில் ஒட்டாமல், இரண்டு விரற்கடை தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடித்து, பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தி ஒரு கணம் விட்டுப் பேசச் சொல்லுங்கள். இதை மட்டும் கற்றுக்கொடுத்தே எத்தனையோ குழுக்களின் பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறேன்.

பிறகு கை. தடித்த ரப்பர் கையுறை போட்டு, செட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது சேனலுக்குத் திருப்புங்கள். முடியவில்லை என்றால் அந்தச் செட் பகல் வெளிச்சத்துக்கும் காய்ந்த கைக்கும் செய்தது. தொடுதிரை அழகாக இருக்கும், மழைத்துளியும் விரலும் அதற்கு ஒன்றுதான். ஆரஞ்சு நிற அவசரப் பொத்தான் தடவினால் தெரிகிறதா, தெரியாமல் அழுந்திவிடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 முத்திரை இருக்கும் செட்டிலும் பக்கவாட்டு மூடியைத் திறந்துவிட்டால் தண்ணீர் போகும். தோள் மைக் மாட்டும் இடம் அது. என் மேஜைக்கு நனைந்து வரும் செட்டுகள் அங்கேதான் கெட்டிருக்கும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலை, கழிவுநீர்த் தொட்டி சார்ந்த மீட்பு உங்கள் பட்டியலில் இருந்தால் இன்னொரு கேள்வி உயிர்க் கேள்வி. தோல் கழிவில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷம் மட்டுமல்ல, தீப்பிடிக்கும் வாயுவும்கூட. அங்கே கொண்டுபோகும் செட் தீப்பொறி எழுப்பாத வகையாகச் சான்று பெற்றிருக்க வேண்டும், அதில் போட்டிருக்கும் பேட்டரியும் அதே சான்றுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நாக்பூரில் தலைமையகம் உள்ள, வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அமைப்பான பெசோதான் இந்தியாவில் இதற்கு ஒப்புதல் தருகிறது. மாற்று பேட்டரியை வெளிக்கடையில் வாங்கிப் போட்டால் அந்தச் சான்று அத்தோடு போயிற்று. தொட்டி ஓரத்தில் நின்று பேட்டரி மாற்றவே கூடாது.

பேட்டரி

விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கு 5-5-90 என்ற கணக்கில் வந்தது: நூறு நிமிஷத்தில் 5 பேச்சு, 5 கேட்பு, 90 சும்மா இருப்பது. வெள்ளத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. சொன்னதில் பாதி என்று வைத்து, ஆளுக்கு ஒரு பேட்டரி கூடுதலாக வாங்குங்கள். இரண்டு பேண்டை ஸ்கேன் செய்தாலோ, ஜிபிஎஸ், வைஃபை ஓடினாலோ இன்னும் சீக்கிரம் தீரும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய வண்டிக்குள் டாஷ்போர்டில் வைத்த சார்ஜரில் பேட்டரி ஏறவே ஏறாது. லித்தியம் அயன் பேட்டரி சுமார் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் நல்ல சார்ஜர் மின்சாரத்தை நிறுத்திவிடும், நிறுத்தவும் வேண்டும். நிழலில், சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

எத்தனை வாங்குவது

பத்துப் பேர் குழுவுக்குப் பத்து மல்டிபேண்ட் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். எட்டுப் பேருக்கு ஒரே பேண்டில் நல்ல, உறுதியான, சாதாரண செட். குழுத் தலைவருக்கும் தகவல் பார்ப்பவருக்கும் மட்டும் மல்டிபேண்ட். தண்ணீருக்குள் நிற்கிறவருக்குத் தன் தலைவரின் குரல் கேட்டால் போதும். பக்கத்துக் குழுவோடு பேசுவது தலைவரின் வேலை. மிச்சமாகும் காசில் கூடுதல் பேட்டரியும், ஒரு ரிப்பீட்டரும் வாங்கலாம்.

இரண்டு மல்டிபேண்ட் வாங்கவும் பணம் இல்லையா? தலைவர் இடுப்பில் இரண்டு பேண்டுக்கு இரண்டு சாதாரண செட், இரண்டு நிறத்தில் டேப் ஒட்டி. கனம்தான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும், ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். விருதம்பட்டு வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் குழு முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டியது. சிவப்பு டேப் நாங்கள், மஞ்சள் டேப் அவர்கள்.

வாங்கிய பிறகு

மல்டிபேண்டில் நூற்றுக்கணக்கில் சேனல் போடலாம். போடாதீர்கள். சேனல் திருப்பும் குமிழின் முதல் மூன்று இடம் எல்லாச் செட்டிலும் ஒன்றாக இருக்கட்டும்: 1 நம் குழு, 2 பக்கத்துக் குழு, 3 ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசுவது. மற்றவை எல்லாம் வேறு ஸோனில் (தனிச் சேனல் தொகுப்பில்). புரோகிராம் செய்யும் கேபிளும் மென்பொருளும் ஒரே ஆளிடம் இருக்கட்டும், கோப்பின் நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

ஒரு சீட்டில் அந்த மூன்று சேனலையும் தமிழில் பெரிதாக எழுதி, லேமினேட் செய்து, ஒவ்வொரு செட்டின் பின்புறமும் ஒட்டுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லோரும் அவரவர் இருக்கும் இடத்தில் இருந்து செட்டை ஆன் செய்து, பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். யார் குரல் எங்கிருந்து வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் நான்கு மாதம் தொடர்ந்து கே.வி.குப்பம் பக்கம் வெறும் கோடுதான் இருந்தது. ஆன்டெனாவை ஒரு மாடி மேலே ஏற்றினோம். ஐந்தாவது மாதம் அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது.